செருக்களமும் திருப்புகழ்ச் சந்தமும்

திருவண்ணாமலை, நினைத்த அளவிலே முத்தியளிக்கும் தலம் என்று ஆன்றோராற் போற்றப்படுவது. அயனும் மாலும் தம்முட் கலாம் விளைத்து நின்றபொழுது, அக்கலாத்தை ஒழித்தற்பொருட்டு எம்பெருமான் அடிமுடி காணவொண்ணா அழற்பிழம்பாய் எழுந்தருளிய இடம் அது. ஆகவே அருணை, புராண நெறியால் நோக்குமிடத்து, போர் ஒழிந்த திருப்பதியாம். அத்திருப்பதியிலே, வல்லாள மகாராசன் கோபுரத்தினின்றும் வீழ்ந்து உயிர் துறக்கத் துணிந்த அருணகிரிநாதரை முருகப்பெருமான் திருக்கரத்தால் தாங்கி ஆட்கொண்டான் என்பதும், 'முத்தைத்தரு' எனப் பெயர் வழங்கும் திருப்புகழே அப்பெருமான் அடியெடுத்துக் கொடுக்க அவர் முதன்முதற் பாடியது என்பதும் வழிவழி வரும் கேள்வி.

அம்முதற் பாடலில் அமைந்த பொருள் யாது? தெய்வயானையம்மையாரின் முறுவலைச் சொல்லித் தொடங்கி, மூவர்க்கும் முதல்வனாய் நின்ற முருகனை விளித்து, திருமாலின் அருஞ்செயல்களை எடுத்தோதி, ஈற்றிலே அசுரர் பட்ட செருக்களத்திற் சென்று நிற்கின்றது அது. பைரவி நடிக்கின்றாள், கழுகும் பேயும் கூடியாடுகின்றன, பறைகள் முழங்குகின்றன, கிழக்கூகைகள் குழறுகின்றன. உயிர் பிழைத்த ஒருவர், பெருமானது கருணையை வியந்து பாடும் முதற் பாட்டிலே பிணக்களம் புகுந்தது யாங்ஙனம்?

இவ்வினா புறச்சமயத்தாராலன்றி அடியவராலும் எழுப்பப்படுவதே. திருப்புகழை இல்லத்தும் கோயிலினும் ஓதுவோருட் பலர், போர்க்களம் கூறும் பகுதிகளைத் தாளத்தின் இனிமை கருதி விரைந்து பாடிச் செல்வர். பொருளை உன்னுதல் அரிது. வேறு சிலர், குருதியும் நிணமும் விரவிய இச்சொற்கள் அருட்பாட்டிற்கு ஏலா என்று உள்ளத்தே கூசுவர். முன்னையோர் அச்சத்தை அறியார். பின்னையோர் அருளை அறியார். போரின் கொடுமையைத் தமிழ்ப் புலவர் எவ்வாறு சொல்லால் உணர்த்தினர் என்பதையும், அம்மரபு அருணகிரிநாதர் திருவாக்கில் என்னாயிற்று என்பதையும் முறைப்பட ஆராயின், இவ்விரு குறையும் நீங்கும்.

களம் பாடும் பழைய மரபு

போரைப் பாடுதல் தமிழில் இரு வகைப்படும். வென்றோன் பெருமை கூறுதல் ஒன்று. களத்தின் காட்சி கூறுதல் ஒன்று. தொல்காப்பியனார் புறத்திணையியலில் வெட்சி முதலாக வகுத்தோதிய திணைகளுள், காஞ்சி என்பது உலகின் நிலையாமையைப் பொருளாகவுடையது. களத்திற் புண்பட்டு வீழ்ந்தானைப் பேய் சூழ்ந்து காக்கும் துறையை ஆசிரியர் அக்காஞ்சியில் வைத்தார். வாகையில் வைக்கற்பாலதன்றோ எனின், அன்று. வீழ்ந்தானும் வென்றானும் உடம்பின் நிலையாமையில் ஒப்பர் என்னும் கருத்துப்பற்றியே அஃது அவ்விடம் பெற்றது. எனவே, பேயைக் கொண்டு போரின் கொடுமையை உணர்த்தல் பிற்காலத்தார் புனைந்து கொண்டதன்று. தமிழின் தொல்லிலக்கணத்திலேயே வேர்கொண்டதென்க.

களக்காட்சியே பொருளாக எழுந்த தனிநூல் பொய்கையாரின் களவழி நாற்பது. சோழன் செங்கணானுக்கும் சேரமான் கணைக்காலிரும்பொறைக்கும் நிகழ்ந்த கழுமலப் போரை அது பாடும். மாடக்கோயில் பல எடுப்பித்த கோச்செங்கட்சோழ நாயனாரே அச்செங்கணான் என்பது சான்றோர் பலர் துணிபு. அந்நூலின் பாட்டு ஒவ்வொன்றும் 'களம்' என்னும் சொல்லையே ஈற்றிற் கொண்டு முடியும். எங்குத் தொடங்கினும் புலவர் களத்திலேயே வந்து நிற்றலின், படிப்போனும் அக்களத்தை விட்டு நீங்க இயலாதவனாகின்றான். இது சொல்லால் ஆகிய ஒரு சிறை.

அந்நூல் கையாளும் உவமைகளும் கருதற்பாலன. வீரர் ஒருவரையொருவர் தாக்குங்கால் சொரியும் ஒளிமிக்க குருதிக்குப் பொய்கையார் கூறும் உவமை, கார்த்திகைத் திருவிழாவில் ஏற்றும் விளக்குகள். கார்த்திகை விளக்கின் பெருமையை அருணையார்க்கு எடுத்துரைத்தல் வேண்டா. மனையும் மலையும் மங்கலமாக ஒளிரும் அவ்விளக்கை, உடம்பினின்று வீழும் குருதிக்கு ஒப்பிட்ட மாத்திரத்தே நெஞ்சு துணுக்குறுகின்றது. 'கொடிது, கொடிது' என்று நூறு முறை கூறினும் விளையாத அச்சம், இனியதொன்றைக் கொண்டுவந்து அருகில் வைத்தலான் விளைகின்றது. களவழி பாடிச் சேரமானைச் சிறைவீடு செய்தார் பொய்கையார் என்று ஒரு வரலாறு உண்டு. புறநானூற்று 74ஆம் பாட்டின் குறிப்போ, அச்சேரன் குடவாயிற் கோட்டத்துச் சிறையில் நீர் வேட்டு, அது காலம் தாழ்த்துப் பெற்று, உண்ணாது துஞ்சினான் என்று கூறும். இரண்டனுள் எது மெய்யாயினும், களம் பாடிய புலவர் தோற்றோன் பொருட்டுப் பாடினார் என்று தமிழர் நினைந்தமை தெளிவு.

பரணியும் தோற்றோர் பெயரும்

இம்மரபு முதிர்ந்து பரணி என்னும் பிரபந்தமாயிற்று. களத்தில் ஆயிரம் யானைகளை வென்ற வீரன்மேற் பாடப்படுவது பரணி என்பர். ஆயினும் பாட்டுடைத் தலைவன் பெயரால் அந்நூல் வழங்காது, தோற்றோர் பெயராலேயே வழங்கும். முதற் குலோத்துங்க சோழனின் படைத்தலைவனாகிய கருணாகரத் தொண்டைமான் 1110ஆம் ஆண்டையொட்டிக் கலிங்கம் எறிந்ததைச் செயங்கொண்டார் பாடினார், நூற்பெயர் கலிங்கத்துப்பரணி. வென்றது சோழமாயினும் பெயர் பெற்றது கலிங்கம். அழிந்ததனை மறவாதிருத்தற்கு இலக்கணமே ஓர் ஏற்பாடு செய்துவைத்தது போலும்.

பரணியில் போரைக் கூறுவோர் வீரர் அல்லர். காளிக்குக் கூளி கூறுவதாகவே அது நடக்கும். பேய்கள் பசியால் முறையிடுகின்றன, போர் விளைகின்றது, பின்னர்க் களத்திற் கூழ் அடப்படுகின்றது. பல் விளக்குதல், நீராடுதல், உலை வைத்தல், அரிசி குற்றல், பகிர்ந்துண்ணல் என மனையறத்துச் செயல்கள் அனைத்தும் பிணங்களைக் கொண்டே நிகழ்த்தப்படுகின்றன. அப்பகுதியிற் செயங்கொண்டார் வருந்தார், கண்ணீர் உகுக்கார், நகைச்சுவை ததும்பவே பாடுவார். அந்நகையே கற்போனை நடுங்கச் செய்வது. அடுக்களையின் சொல் அனைத்தும் களத்திற்குச் சென்றுவிட்டமையின், நூலை மூடியபின் தன் அடுக்களையிற் புகுவோனுக்கும் அச்சொற்கள் பழைய தூய்மையோடு ஒலிப்பதில்லை.

கலிங்கம் என்ற அளவில், அதற்கு ஏறக்குறைய 1,370 ஆண்டுகட்கு முன்னர் அந்நிலத்தில் நிகழ்ந்த மற்றொரு போர் நினைவுக்கு வரும். மௌரிய மன்னன் அசோகன் தன் 13ஆம் பாறைச் சாசனத்தில், கலிங்கப் போரிற் சிறைகொண்டு பெயர்க்கப்பட்டோர் 1,50,000 என்றும், கொலையுண்டோர் 1,00,000 என்றும், வேறு வகையால் மாண்டோர் அதனினும் பன்மடங்கென்றும், இவற்றை நினைந்து தான் இரங்குவதாகவும் பொறித்தான். தௌலி, சௌகதம் என்னும் கலிங்கத்து ஊர்களின் பாறைகளில் மட்டும் இச்சாசனத்தை அவன் பொறிக்கவில்லை. எண் கூறி இரங்குதல் அரசன் முறை. பேயின் வாயிலாகக் களத்தைக் காட்டுதல் புலவன் முறை. எண் அறிவிற்குச் செல்வது. பேயின் சொல்லோ செவிவழி உள்ளத்திற் புகுந்து நீங்காது நிற்பது.

ஒட்டக்கூத்தர் இம்மரபைச் சைவத்திற்குக் கொணர்ந்தார். இரண்டாம் இராசராசன் காலத்து அவர் இயற்றிய தக்கயாகப் பரணி, வீரபத்திரக் கடவுள் தக்கன் வேள்வியை அழித்ததைப் பாடுவது. மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் அதனைப் பழைய உரையோடு 1930இல் வெளியிட்டார். அந்நூலில் கூழடுதலோடு களம் முடிந்துவிடவில்லை. 'களங்காட்டல்' என்று ஒரு பகுதி உண்டு. அதன்கண் எம்பெருமான் தேவிக்கு அக்களத்தைக் காட்டுகின்றான். மாண்டோர் மீள உயிர் பெறுகின்றனர். பேயின் கண்ணாற் கண்ட களம், இறுதியில் அம்மையின் கண்ணாற் காணப்படுகின்றது. சைவப் பரணிக்கும் ஏனைப் பரணிக்கும் உள்ள வேற்றுமை இது.

ஒரு சடைத்தலை

சேக்கிழார் பெருமான் கையாண்ட முறை வேறு. பெரியபுராணத்துப் போர்ப் பகுதிகள் பல. அவற்றுட் புகழ்ச்சோழ நாயனார் வரலாறு தனிப்பட நோக்கற்குரியது. கருவூரிலிருந்த அம்மன்னர், திறை தாராத அதிகன்மேற் படை ஏவினார். போர் நிகழ்ந்தது; பரணி பாடிய புலவர்க்கு இளையாமற் சேக்கிழாரும் அக்களத்தை விரித்துப் பாடினார். வெற்றிக்கு அறிகுறியாகப் பகைவர் தலைகள் குவியலாகக் கொண்டுவரப்பட்டன. அரசர் நோக்கினார். அக்குவியலில் ஒரு தலையிற் சடை இருந்தது.

அவ்வொரு சடையைக் கண்டதும் புகழ்ச்சோழர் வெற்றியை மறந்தார். சிவனடியார் ஒருவர் தம் ஏவலாற் பட்டனர் என்று உட்கொண்டு, அரசைத் தம் மைந்தர்க்கு முடிசூட்ட அமைச்சர்பால் ஒப்புவித்து, அத்தலையைப் பொற்கலத்தேந்தித் தீயை வலங்கொண்டு, திருவைந்தெழுத்தோதி அதனுட் புகுந்தார். களம் முழுதும் விரித்த பெரும்புலவர், ஈற்றிலே ஒரு தலையையே காட்டுகின்றார். பல தலைகள் எண்ணிக்கையாய் ஒழிந்தன. ஒரு தலையோ ஓர் அடியவராய் மன்னரை நோக்கிற்று. போரின் கொடுமையை உணர்தற்கு ஓர் உயிரை இன்னார் என்று அறிதலே போதும் என்பது இவ்வரலாற்றாற் பெறப்படும். இஃது ஏதோ ஓர் அரசனின் நெஞ்சிளக்கம் என்று கொள்ளாது, நாயன்மார் செயலாகக் கொண்டு சைவர் வணங்குகின்றனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

அருணை கண்ட போர்

இம்மரபுகளை எல்லாம் உட்கொண்டு பாடிய அருணகிரிநாதர்க்குப் போர் ஏட்டில் மட்டும் கண்ட பொருளாயிருந்ததா எனின், அவர் வாழ்ந்த ஊரின் வரலாறு விடை கூறும். போசள மன்னனாகிய மூன்றாம் வல்லாளன் தன் தலைநகராகிய துவாரசமுத்திரம் 1311இல் வடநாட்டுப் படையால் தாக்குண்டபின், பிற்காலத்தே திருவண்ணாமலையைத் தன் இருப்பிடங்களுள் ஒன்றாகக் கொண்டான். உண்ணாமலைப் பட்டணம் என்று அவன் கால எழுத்துக்கள் இதனைக் குறிக்கும். ஆகவே 14ஆம் நூற்றாண்டின் இரண்டாங்காற் பகுதியில் அருணை ஒரு படைவீடாயிருந்தது. மதுரையில் ஆண்ட சுல்தானோடு கண்ணனூர்க் கொப்பத்தினருகிற் பொருது, 1342இல் வல்லாளன் சிறைப்பட்டு மாண்டான்.

அவ்வளவில் மதுரைக்கு வந்த மொராக்கோ நாட்டு வழிப்போக்கர் இப்னு பதூதா, வல்லாளன் அப்பொழுது எண்பது கடந்த முதியோன் என்றும், பொருள் அனைத்தும் பறித்தபின் கொல்லப்பட்டு அவன் தோல் வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிடப்பட்டதென்றும், அதனைத் தாம் கண்டதாகவும் எழுதினார். அவர் அச்சுல்தானுக்கு மனைவி வழியால் உறவினர். எனினும், சிறைப்பட்ட ஆடவரையும் பெண்டிரையும் குழவிகளையும் அவன் கழுவேற்றிய கொடுமையைக் கடிந்தெழுத அவர் தயங்கவில்லை. வல்லாளன் படையில் முகம்மதியரும் பல்லாயிரவர் இருந்தனர் என்றும் அவரே கூறுவர். ஆதலின் இதனைச் சமயத்துக்குச் சமயம் நிகழ்ந்த பகையாக மட்டும் கொள்ளுதல் வரலாற்றொடு பொருந்தாது. ஆட்சி வேட்கை எம்மரபினரிடத்தும் இதனை விளைக்கும்.

பின்னர் விசயநகரத்து இளவரசன் குமார கம்பணன் மதுரையை வென்றதை, அவன் தேவியாகிய கங்காதேவி 'மதுரா விசயம்' என்னும் வடமொழிக் காவியமாகப் பாடினாள். இதன் ஏடு 1916இல் திருவனந்தபுரத்திற் கிடைத்தது. போரால் நாடு அழிந்த நிலையை அவ்வம்மை காட்டுமிடத்தில், ஒலியையே பெரிதும் துணைக்கொள்ளுகின்றாள். மத்தளம் முழங்கிய திருக்கோயிலில் நரியின் ஊளை. வேதம் ஒலித்த தெருவில் வேறொலி. கண்ணாற் கண்ட இடிபாட்டினும், செவியிற் படவேண்டியது படாதொழிந்த அமைதியும், அதன் இடத்தே வந்த புதிய ஒலியும் அழிவை நன்கு அறிவுறுத்தும் என்று அவ்வம்மை உணர்ந்திருந்தாள்.

திருவண்ணாமலைக் கோயிலும் அதனை உணர்ந்தே ஒழுகுகின்றது. மகப்பேறில்லா வல்லாளனுக்கு அண்ணாமலையாரே மகவாயினார் என்று சைவ எல்லப்ப நாவலர் அருணாசல புராணத்திற் கூறுவர். அதற்கியையத் தைத்திங்கள் விழாவில் வல்லாளன் களத்திற் பட்ட செய்தி இறைவன் திருமுன் அறிவிக்கப்படுகின்றது. அதன்பின் வாத்திய முழக்கமின்றிப் பெருமான் கோயிலுக்கு எழுந்தருளுகின்றான். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுத் தீர்த்தவாரியில் மைந்தனாய் நின்று அம்மன்னனுக்குக் கடனாற்றுகின்றான். கொடுஞ்சாவு ஒன்றைக் கூறுதற்குக் கோயில் மேற்கொண்ட மொழி, முழவு ஓய்ந்த மௌனம்.

அருணகிரிநாதர் சந்தம்

அருணகிரிநாதர் பிரபுட தேவராயனைத் தம் பாட்டிற் குறித்தலின், அவ்விசயநகர வேந்தன் 1446இல் மறைதற்கு முற்பட்ட காலத்தினர் என்பது பெறப்படும். வல்லாளன் பட்டு நூறாண்டளவே கழிந்த காலம் அது. தேவராயனும் பாமினி அரசரோடு பன்முறை பொருதவன். ஆகவே களம் என்பது அவர் காலத்து மக்களுக்குக் கேட்டறிந்த கதையுமாம்; அஞ்சி நின்ற நிகழ்ச்சியுமாம்.

இனி, அவர் சொல்லின் இயல்பை நோக்குவோம். தொல்காப்பியச் செய்யுளியல் இருபது வண்ணங்களை வகுக்கின்றது. வல்லெழுத்து மிகுவது வல்லிசை வண்ணம். மெல்லெழுத்து மிகுவது மெல்லிசை வண்ணம். இன்னும் உருட்டு, முடுகு முதலியனவும் உள. இவ்வண்ண இலக்கணத்தைப் பெருக்கி, குறில் நெடில் ஒற்று என்னும் அளவும் வன்மை மென்மை என்னும் தன்மையும் அடிதொறும் பிறழாமற் பாடியது திருப்புகழ். இன்று கிடைப்பன 1,300க்கு மேற்பட்ட பாடல்கள். வ. தா. சுப்பிரமணிய பிள்ளையவர்கள் ஊர்தோறும் ஏடு தேடித் தொகுத்த பேருழைப்பாலும், அவர் மைந்தர் வ. சு. செங்கல்வராய பிள்ளையவர்கள் உரையாலும் அவை நமக்கு எய்தின.

முதற் பாடலின் சந்தம் வல்லொற்று இரட்டித்து நடப்பது. வல்லொற்று வருந்தோறும் மூச்சு ஒருகணம் தடைப்படும். தடைப்பட்ட மூச்சு அடுத்த வல்லெழுத்தில் வெடித்து வெளிப்படும். வாளொடு வாள் மோதுதலும் விலகுதலும் மீள மோதுதலும் போலப் பாடுவோன் நாவிலும் மிடற்றிலும் ஒரு போர் நிகழும். களத்தை வருணிக்கும் சொல்லைக் கேட்கு முன்னரே அவன் உடம்பு களத்தை அறிந்துவிடுகின்றது. இஃது ஒன்று.

அம்மையின் முறுவலைப் பாடிய அதே சந்தத்தில்தான் பிணக்களமும் பாடப்படுகின்றது. மணவினைக்கு ஒரு நடை, மரணத்திற்கு ஒரு நடை என்று அருணகிரிநாதர் பிரித்திலர். இடையே மூச்சு வாங்கவும் இடமின்றி, இனிமையினின்றும் கொடுமைக்குப் பாடல் கற்போனை ஈர்த்துச் செல்கின்றது. அமைதியான ஊரொன்றிற் படை புகுங்கால் நிகழ்வது இதுவே. நேற்றை நாளுக்கும் இன்றை நாளுக்கும் இடையே வரம்பொன்றும் காணப்படாது. இஃது இரண்டு.

மூன்றாவதே மிக நுண்ணியது. பறையின் ஒலிக்குறிப்பை அப்படியே எழுத்தாக்கிய புலவர், கூகையின் குழறலையும் எழுத்தாக்குகின்றார். அக்குழறல் வெற்றொலியாகவே தொடங்கி, மெல்ல மெல்ல வீரனை நோக்கிக் கொலை ஏவும் வினைச்சொற்களாகத் திரிந்து கேட்கின்றது. பறவையின் ஒலி மனிதர் மொழியாயிற்றோ, மனிதர் மொழியே பறவையின் குழறலாய்த் தாழ்ந்ததோ என்று வரையறுத்தல் அரிது. போரிற் சொல் தன் பொருளை இழந்து ஏவலும் அலறலுமாய்ச் சிதைவதை இதனினும் செவ்விதாகக் காட்டுதல் இயலாது. களத்தில் அழிவன உடம்புகள் மட்டும் அல்ல. மொழியும் அங்கே உறுப்பறுந்து கிடக்கின்றது.

திருவகுப்புக்களுட் பொருகளத்தலகை வகுப்பு, செருக்களத்தலகை வகுப்பு, போர்க்களத்தலகை வகுப்பு என மூன்று உள. அலகை என்பது பேய். பேய்கள் களத்தில் உண்டும் ஆடியும் பாடியும் களித்தலை நெடிய முடுகு நடையில் அவை கூறும். ஒரு செயல்மேல் ஒரு செயலாக முற்றுப்பெறாது அடுக்கிச் செல்லும் அவற்றின் தொடர், எங்கு முடியும் என்று ஏங்கும் நிலைக்குக் கேட்போனைக் கொணரும். பசி தீராதவாறே தொடரும் தீராது நீள்கின்றது.

ஓர் ஐயமும் விடையும்

அற்றேல், இக்களியாட்டைக் கேட்டுத் தாளமிட்டு மகிழும் அடியவனுக்கும் களத்திற் கூத்தாடும் அலகைக்கும் வேற்றுமை யாது எனின், அறியாதார் வினாவன்று இது, விடுத்தற்குரிய வினாவே. களத்தைக் கண்டு மகிழ்வன பேய்களே. சந்தத்தின் இன்பத்தில் மயங்கிப் பொருளை மறந்து பாடுவோன், தன்னையறியாமல் அப்பேய்களின் வரிசையில் நிற்கின்றான் என்பதும் மறுத்தற்கரிது. ஆயினும் திருப்புகழ் ஒவ்வொன்றும் பெருமானை விளித்தே முடிகின்றது. பேயின் கண் பிணத்தின்மேல் நின்றுவிடும். அடியவன் கண் பெருமான்மேற் செல்லவேண்டும். பாடல் அவனைக் களத்தினூடே நடத்திச் சென்று, ஈற்றுச் சொல்லில் வேலவன் திருமுன் விடுகின்றது. களத்தைக் காணாது அங்குச் சென்று சேர வழியில்லை. களத்திலேயே நின்றுவிடினும் சென்று சேரான்.

கருணையே உருவான கடவுள் கொலைத்தொழில் செய்தல் பொருந்துமோ எனின், அறக்கருணை, மறக்கருணை என அருள் இருவகைத்து என்பது சித்தாந்தம். சொல்வழி நில்லாத மகவை ஒறுக்கும் தந்தையின் சினம் அன்பின் வேறன்று என்று அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் விளக்குவர். சூரபதுமன் ஆணவமும், சிங்கமுகன் கன்மமும், தாரகன் மாயையுமாகக் கொள்ளப்படுவர். கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்துக் கூறியாங்கு, மாமரமாய் நின்ற சூரன் வேலாற் பிளவுண்டு மயிலும் சேவலுமாயினான்; ஒன்று ஊர்தியாயிற்று, மற்றொன்று கொடியாயிற்று. ஆணவம் அநாதியாகலின் அழிவதன்று. அதன் ஆற்றல் மடங்கி உயிர் அருள்வயப்படும் என்னும் சித்தாந்த நுட்பம் இதன்கண் விளங்கும். மனிதர் செய்யும் போரில் தோற்றோன் மதிலில் தொங்கவிடப்படுகின்றான். முருகன் செய்த போரில் தோற்றோன் திருவடியைத் தாங்குகின்றான். வல்லாளன் முடிவை அறிந்த ஊரில் வாழ்ந்தவர்க்கு இவ்வேற்றுமையின் அருமை நன்கு விளங்கியிருக்கும்.

அங்ஙனமாயின் களமும் குருதியும் வெறும் உருவகமே, அவற்றிற்கு அஞ்சுதல் வேண்டா எனின், அதுவும் பொருந்தாது. உருவகம் என்று சொல்லி எளிதிற் கடந்துவிடாவாறே அருணகிரிநாதர் வல்லொற்றால் மூச்சைத் தடுத்து நிறுத்துகின்றார். ஆணவம் நீங்குதல் எளிய செயலன்று. உடம்பையே தானென்று கொண்டிருந்த உயிருக்கு அதன் பிரிவு களத்தில் வீழ்தலை ஒக்கும். மேலும், மலமறுத்தலைக் குறிக்க எழுந்த இப்பாட்டை ஓதி, மன்னுயிரை மாய்க்கும் மண்ணுலகப் போருக்கு ஆதரவு தேடுவோர் பெரிதும் பிழைபட்டோராவர். புகழ்ச்சோழர் கண்ட சடைத்தலை அவர்க்கு விடையாகும்.

முடிவுரை

இத்துணை ஒலியும் ஆரவாரமும் நிரம்பிய பாடல்களை இயற்றிய பெரியாரே, பேச்சற்று வாளா இருத்தலைக் குருவின் உபதேசமாகப் பெற்றதாகக் கந்தரனுபூதியில் உரைத்தருளினர். வல்லிசையின் உச்சியும் மௌனத்தின் உச்சியும் ஒருவர் வாக்கிலேயே அமைந்தன. முதற் பாடலில் சிதைந்து கூகைக் குரலாய்க் கிடந்த மொழி, அனுபூதியில் சொல் வேண்டாத நிலையை எய்திற்று. ஒலி கெட்டு அடங்குவதும் ஓர் அமைதி. ஒலி கனிந்து அடங்குவதும் ஓர் அமைதி. இரண்டனையும் அறிந்தவர் அருணகிரிநாதர்.

ஆகவே திருப்புகழ் ஓதுவோர் களப்பகுதி வருமிடத்து விரைந்து கடவாமலும் கூசி ஒதுக்காமலும், சொற்றோறும் பொருள் உணர்ந்து ஓதுதல் கடன். திருவண்ணாமலைக் கோயிலில் ஆயிரக்கால் மண்டபத்தின் அருகே கம்பத்திளையனார் சந்நிதியில் அப்பாடல் பாடப்படுங்கால், அதன் வல்லோசையிற் களத்தின் அச்சமும், ஈற்று விளியில் அஞ்சேல் என்னும் அருளும் ஒருங்கே கேட்கும். தைவிழாவில் முழவு ஓய்ந்து பெருமான் அவ்வழியே எழுந்தருளும் நாளில், அக்கோயில் வாசலில் நிற்போர்க்கு அப்பாடலின் பொருள் பின்னும் தெளிவுறும்.

திருச்சிற்றம்பலம்